பெர்பெத்துவா அடைக்கு உட்கார்ந்திருக்கிறாள்

எதெல்வினா அயாவிரே தன் கோழிக்கு மாமியாரின் பெயரை வைத்ததில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள். மாமியார் பெர்பெத்துவா உயிரோடிருந்த காலமெல்லாம் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கிட்டே போனவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டை ஆண்டவள். கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாத அந்தச் சாம்பல் நிறப் பெட்டைக்கோழி முதன்முதலாக அடைக்கு உட்கார்ந்தபோது பார்த்த பார்வை அச்சு அசல் அவளுடையதே. பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அப்போது கணவன் சத்துர்னினோ உயிரோடுதான் இருந்தான். அவனே குனிந்து பார்த்துவிட்டு, "எங்கம்மாதான், சந்தேகமே இல்ல" என்று ஒப்புக்கொண்டான்.

போசோ பிளாக்கோ என்ற அந்தப் பாலைவன ஊரில் மழை என்பது செவிவழிச் செய்தி. பிப்ரவரியில் மலைப்பக்கம் இடி இடிக்கும், அதோடு சரி. தண்ணீர் லாரியில் வரும். காய்கறி லாரியில் வரும். இளவட்டங்கள் அதே லாரியில் ஏறிப் போவார்கள், திரும்பி வருவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் கோழி வளர்ப்பதற்குக் கொஞ்சம் வீம்பு வேண்டும். எதெல்வினாவிடம் அது கொஞ்சமல்ல, நிறையவே இருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு பாத்தி குதிரைமசாலுக்கு ஊற்றுவாள், குதிரைமசாலைக் கோழிக்குப் போடுவாள், கோழி எருவைப் பாத்திக்கே திருப்பித் தள்ளுவாள். பக்கத்துச் சுரங்கத்தில் தேய்ந்து கழித்த ரப்பர் பட்டையைக் கூரையாக்கி, உச்சி வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்தால் அதன்மேல் ஈரச்சாக்கு போடுவாள். அவள் குளிக்காத நாள் உண்டு. கோழித்தொட்டி காய்ந்த நாள் கிடையாது.

ஒரு விடியற்காலையில் நரி வந்தது. சேவலையும் ஒன்பது பெட்டைகளையும் காலி செய்துவிட்டு, சாவகாசமாக வேலி தாண்டிப் போனது. பெர்பெத்துவா மட்டும் தப்பித்தாள். அவள் இரண்டு நாள் முன்னால்தான் சாமான் அறையில், பன்னிரண்டு முட்டைகளின்மேல் அடைக்கு உட்கார்ந்திருந்தாள்.

செய்தி கேட்டு மகன் யெர்கோ அந்தோஃபகஸ்தாவிலிருந்து வந்தான். அங்கே டவுன் பஸ் ஓட்டுகிறான், எட்டாவது மாடியில் வீடு. அம்மாவைக் கூட்டிப்போக ஐந்து வருடமாக மன்றாடுகிறான்.

"இனி இங்க என்னம்மா இருக்கு? கோழிய விட்டுட்டு வர முடியாதுன்னு சொன்ன. இப்பதான் கோழியே இல்லையே. வா, ஜன்னலைத் திறந்தா கடல் தெரியும்."

"கடலை வெச்சு என்னடா பண்றது? அவ்வளவு தண்ணி கெடக்கு, ஒரு வாய் குடிக்க முடியாது."

"அம்மா..."

"பெர்பெத்துவா அடையில இருக்கா. அடைக்கோழிய எவனாவது நடுவுல எழுப்புவானா?"

யெர்கோ மெதுவாகக் கேட்டான். "பொரிக்கலேன்னா?"

எதெல்வினாவுக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தால் அவளுக்கு வாய் நிற்காது. "பொரிச்சா நான் இங்கயே இருப்பேன், நீ அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஒன்னுகூடப் பொரிக்கலேன்னா உன் எட்டாவது மாடிக்கு வரேன், போதுமா?" என்று கையடித்துக் கொடுத்தாள். அவன் போன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. சேவலும் போய்விட்டது. அந்த வம்சத்தின் கடைசி முட்டைகள் அவை.

இடிக்கு அவள் பயப்படவில்லை. வைக்கோலுக்கு அடியில் இரண்டு துருப்பிடித்த ஆணிகளைச் சிலுவையாகப் போட்டிருந்தாள். இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டையாகிவிடாமல் இரும்பு பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த மாதம் பார்த்துச் சுரங்கக் கம்பெனி ஊருக்குக் கிட்டத்தில் வெடி வைத்துப் புதுக் குழி தோண்டப் போவதாகச் சொன்னது. இடி மேலேயிருந்து வருவது, ஆணிக்குக் கட்டுப்படும். வெடி பூமிக்கு அடியிலிருந்து வருவது. அதற்கு ஆணி என்ன செய்யும்? இது யாருக்கும் தெரியாத நுட்பமல்ல. ஊரில் எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

கம்பெனி சார்பில் மக்களோடு பேச இக்னாசியோ லாரோந்தோ என்ற இளைஞன் தலைநகரிலிருந்து வந்திருந்தான். சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு, குறைகளைச் சொல்லுங்கள் என்றான். ஒருவர் சாலை கேட்டார், ஒருவர் கால்பந்துத் திடலுக்கு விளக்கு கேட்டார். எதெல்வினா எழுந்தாள்.

"பெர்பெத்துவா உக்காந்திருக்கா. அவ எந்திரிக்கிற வரைக்கும் வெடி வைக்கக் கூடாது."

இக்னாசியோ பதறிப்போனான். "யாரு சென்யோரா அவங்க?" என்று மரியாதையாகக் கேட்டான்.

பதில் சொன்னவர் மளிகைக்கடை ரெமிஹியோ. அட்டை அட்டையாகப் பண்ணைமுட்டை விற்பவர். எதெல்வினா அந்த முட்டைகளை 'சுண்ணாம்பு உருண்டை' என்றே ஊரெல்லாம் சொல்லி வந்ததால் இருவருக்கும் பல வருடப் பகை. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்: "அக்காவோட மாமியார் பேரு தம்பி அது."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"நடமாட்டம் இருக்கா சென்யோரா?"

"ஒரு நாளைக்கு ஒரு தடவை எந்திரிப்பா. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மறுபடி போய் உக்காந்துக்குவா."

"டாக்டர் பாத்தாரா?"

"டாக்டரா? கிட்டப் போனா கையப் பிடுங்கிருவா."

"அதிர்ச்சி தாங்க மாட்டாங்களா?"

"அவ தாங்குவா. உள்ள இருக்கிறதுதான் தாங்காது."

இதயம் என்று புரிந்துகொண்டான் பையன். பின்வரிசையில் ஒருவர் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். எதெல்வினா மட்டும் ஏன் எல்லோரும் இப்படி இருமுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து கம்பெனி வண்டி அவள் வாசலில் நின்றது. இக்னாசியோ, ஒரு நர்ஸ், ஒரு கம்பளி, ஒரு சக்கர நாற்காலி.

"மேலிடத்துல பேசிட்டேன் சென்யோரா. முதியவங்க உடல்நிலை காரணமா வெடிய மூணு வாரம் தள்ளி வெச்சாச்சு. அவங்கள ஒரு தடவை பாத்துட்டுப் போறோம்."

"பாருங்களேன், தாராளமா" என்று அவள் சாமான் அறைக்குக் கூட்டிப் போனாள்.

மூலையில் ஒரு பழைய மரப்பெட்டி. எந்தக் காலத்திலோ சுரங்கத்துக்கு வெடிமருந்து வந்த பெட்டி. மண்டையோட்டுப் படம் இன்னும் அழியவில்லை. அதற்குள்ளிருந்து பெர்பெத்துவா மொட்டைக் கழுத்தை நீட்டி, வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தாள். நர்ஸ் முதலில் சிரித்தாள். பிறகு நிற்க முடியாமல் சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். இக்னாசியோ சிரிக்கவில்லை.

"என் வேலை போச்சு" என்றான். "என்னை ஏமாத்திட்டீங்களே சென்யோரா."

"நானா? ஒரு வார்த்தை பொய் சொன்னேனா? சொல்லு."

அவன் கூட்டத்தில் நடந்ததை முதலிலிருந்து யோசித்துப் பார்த்தான். ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் எதெல்வினா தேநீர் போட்டு, சுட்ட ரொட்டியில் பன்றிக்கொழுப்பு தடவிக் கொடுத்தாள். மூன்றாவது ரொட்டியில் அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மேலிடத்தில் போய் உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். ஆகவே சென்யோரா பெர்பெத்துவா நலமாக இருக்கிறார், ஓய்வில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. அதற்குப் பிறகு அடிக்கடி வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தான். போகும்போது கையில் ஒரு ரொட்டியும் இருக்கும்.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், யாரிடமும் சொல்லாமல், வேறு ஒரு மேலதிகாரியின் கட்டளையில், வெடி வைத்தார்கள். அலமாரியிலிருந்து தட்டுகள் விழுந்தன. எதெல்வினா கையில் இருந்த மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடி, பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். பெர்பெத்துவா நன்றியில்லாமல் அவள் காதைக் கொத்தினாள். ஓடி வந்த இக்னாசியோவுக்கு முகம் வெளிறிக் கிடந்தது.

"எனக்கே தெரியாது சென்யோரா. சத்தியமா."

"போடா கூமுட்டை" என்றாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போனது. முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டாள். உள்ளே கொத்துகிற சத்தம் இல்லை. வெடியோ, அந்தக் கிழட்டுச் சேவலோ, யார் கண்டது. யெர்கோ ஒரு சின்ன லாரியோடு வந்து இறங்கினான். அவன் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. துணிகளை மடித்து வைத்தாள், சத்துர்னினோவின் படத்தைத் துண்டில் சுற்றினாள்.

மறுநாள் காலை எழுந்ததும் மெத்தைகளை லாரியில் ஏற்றிவிட்டு, பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று போன யெர்கோ வெயில் ஏறிய பிறகுதான் திரும்பினான். அதே நேரம் பார்த்து தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது.

"நீ போய்ப் பிடிச்சிட்டு வந்துடும்மா. எனக்கு முதுகு வலிக்குது."

கிளம்புகிற வீட்டுக்கு எதற்குத் தண்ணீர் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. லாரி வந்தால் டிரம்மை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்குப் பார்த்து வரிசை நகரவே இல்லை. தண்ணீருக்கு முதல் ஆளாக நிற்கும் ரெமிஹியோவைக் காணவில்லை. கம்பெனி வண்டி தெருமுனையில் நின்றது, ஆனால் அதில் ஆள் இல்லை.

டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தவளுக்கு வாசலிலேயே கீச்சுக்கீச்சென்று சத்தம் கேட்டது. டிரம்மை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பெர்பெத்துவாவின் இறக்கைக்கு அடியிலும், முதுகிலும், பெட்டியின் ஓரத்திலும் குஞ்சுகள். மஞ்சள் குஞ்சுகள், பழுப்புக் குஞ்சுகள். எண்ணினாள். பத்தொன்பது. வைக்கோலைத் துழாவினாள். பன்னிரண்டு முட்டைகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தன.

திரும்பிப் பார்த்தாள். ரெமிஹியோ கையில் கந்தல் சுற்றியிருந்தது. இக்னாசியோ கட்டை விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். இருவரும் அறை வாசலில் தங்களுக்கு என்ன வேலை என்று தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள், அதைவிட ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்துப்போய் நின்றார்கள்.

"யெர்கோ, இங்க வா. பொரிச்சிருக்கு."

"அப்படியா!" என்றான் யெர்கோ. நடிப்பு அவனுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

"பன்னெண்டு முட்டையில பத்தொம்போது குஞ்சு."

"ரெட்டைக் கருவா இருக்கும்மா."

"ஓடு ஒன்னுகூட உடையலையேடா."

ரெமிஹியோ தொண்டையைக் கனைத்தார். "கம்பெனி வெடில எகிறி வெளிய வந்திருக்கும்க்கா."

"அதுக்குக் கம்பெனி பொறுப்பேத்துக்காது" என்றான் இக்னாசியோ, பழக்க தோஷத்தில்.

எதெல்வினா அவர்களை வெளியே போய்த் தண்ணீர் டிரம்மை நிமிர்த்தச் சொன்னாள். இருவரும் தப்பித்தோம் என்று ஓடினார்கள். அதற்குப் பிறகுதான் பெர்பெத்துவாவின் வயிற்றுக்கடியில் இன்னும் மூன்று இருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். சாம்பல் நிறம், கழுத்து மொட்டை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், பெர்பெத்துவாவின் சொந்த வம்சம்தான் என்று நெஞ்சு துள்ளியது. பிறகு அந்த முழு முட்டைகளைப் பார்த்தாள். மஞ்சள் குஞ்சை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிவிடலாம். இதைத் தேடிப் பிடிக்க அந்த முற்றத்தில் வளர்ந்தவனாக இருக்க வேண்டும்.

"இதை எங்கடா பிடிச்ச?"

"எதைம்மா?"

"யெர்கோ."

அவன் தலையைச் சொறிந்தான். "நாலு ஊரு அலைஞ்சேன். எவன் வீட்டுலயும் இந்த ஜாதி இல்ல. அஞ்சாவது ஊர்லதான் மூணு கெடச்சுது. மஞ்சளை வெச்சா நீ கண்டுபிடிச்சிருவ."

"என்னைக் கூட்டிட்டுப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீதானே?"

"இப்பவும் அப்படித்தான் இருக்கு. வந்தா சந்தோஷப்படுவேன்." குரல் அவனுக்குக் கொஞ்சம் பிசிறியது. "ஆனா நேத்து நீ துணி மடிச்சப்ப வாயே திறக்கலையேம்மா. வந்ததுலேர்ந்து என்னைத் திட்டக்கூட இல்ல. எனக்குப் பயமாயிருச்சு."

எதெல்வினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவனை அந்த எட்டாவது மாடியில் தனியாக விட வேண்டியிருக்கிறதே என்று துக்கமாகவும், தான் இங்கேயே இருக்க முடிந்ததே என்று நிம்மதியாகவும் இருந்தது. இரண்டையும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், குஞ்சைப் பெர்பெத்துவாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஏப்ரன் துணியில் மூக்கைச் சிந்தினாள்.

"முதுகு வலிக்குதாம் முதுகு! என்னை வேகாத வெயில்ல நிக்க வெச்சிட்டு! இதுங்க தீவனத்துக்கெல்லாம் யாருடா போறது, உங்கப்பனா? மெத்தைய வெயில்லயே போட்டு வெச்சிருக்கியே, பஞ்சு என்னத்துக்கு ஆகும்? ஆம்பளப் பிள்ளைக்கு அறிவு வேணாம்?"

யெர்கோ வெளியே போய் லாரியின் பின்கதவைத் திறந்தான். அவளும் பின்னாலேயே போனாள். மெத்தையின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வாசல் தாண்டி, அறைக்குள் போய்க் கட்டிலில் போடும் வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

"சரிம்மா" என்றான் யெர்கோ. "சரிம்மா, சரிம்மா."