மருந்தை விட்டவர்

அந்த அட்டைப்பெட்டி ஒரு செங்கல் அளவுதான் இருக்கும். மேலே நீல மையில் நோயாளியின் பெயர், வயது, தெரு. உள்ளே ஆறு மாதத்துக்கான காசநோய் மாத்திரைகள், வேளைக்கு ஓர் அட்டையாக அடுக்கியிருக்கும். பீடி சுற்றும் பெண் ஒருத்தியின் பெயர் எழுதிய பெட்டியை ஒரு வெள்ளிக்கிழமை நான் திறந்து பார்த்தேன். முதல் மூன்று வாரத்து மாத்திரைகள் காலியாகியிருந்தன. நான்காவது வாரத்து அட்டைகள் பிரிக்கப்படாமல் அப்படியே கிடந்தன. அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் குறிப்பை எழுத முடியாது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. தச்சநல்லூரில் எங்கள் வீடு. வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு நான் பாங்கில் சேர வேண்டும் என்று ஆசை. எனக்குக் கிடைத்தது சுகாதாரத் துறையில் காசநோய்ப் பிரிவு வேலை. தினமும் ஜங்ஷனில் அம்பாசமுத்திரம் பஸ் ஏறி, ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இறங்குவேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்தப் பெட்டிக்குரிய அக்காவின் பேரப் பிள்ளைகள் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் சேர்ந்த காலத்தில் ஒரு மாதத்து மாத்திரையை மொத்தமாகக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். விழுங்கினார்களா, பரணில் போட்டார்களா, யாருக்கும் தெரியாது. இருமல் குறைந்ததும் விட்டுவிடுவார்கள். பிறகு எலும்பும் தோலுமாகத் திரும்பி வருவார்கள். சிலர் வரவே மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் புதிய திட்டம் வந்தது. ஆளுக்கு ஒரு பெட்டி. திங்கள், புதன், வெள்ளி காலை நிலையத்துக்கு வந்து எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். பயிற்சியில் எங்களுக்கு ஒரு படம் கொடுத்தார்கள். நடுவில் நோயாளி, சுற்றிலும் டாக்டர், பணியாளர், ஆய்வகம், மருந்து, எல்லாவற்றிலிருந்தும் அவரை நோக்கி அம்புக்குறிகள். அதை என் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவைத்தேன். அந்தத் திட்டத்தை நான் மனமார நம்பினேன். இன்றும் அதைக் குறை சொல்ல மாட்டேன். அதனால் பிழைத்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவள் கணவர் இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. அவளும் கல்யாண வயதில் ஒரு மகளும் பீடி சுற்றிப் பிழைத்தார்கள். ஆற்றங்கரைப் பாதையில் அரை மணி நேரம் நடந்து வருவாள். வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. காசநோய்க்காரர்கள் உட்காரும் பெஞ்சு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதன் ஓரத்தில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெயரைக் கூப்பிட்டதும் வந்து ஏழு மாத்திரைகளையும் ஒவ்வொன்றாக விழுங்குவாள். நான் எண்ணி அவளுடைய சிகிச்சை அட்டையில் குறி போடுவேன். அவள் தொண்டை இறங்குவதைப் பார்ப்பேனே தவிர முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மாத்திரையை விழுங்கிய பிறகும் அவள் நகராமல் நின்றாள்.

“சார், ஒண்ணு கேக்கணும்.”

“டாக்டரம்மாட்ட கேளுங்க. அடுத்த ஆளு நிக்காங்கல்லா.”

டாக்டரம்மாவின் அறை முன்னால் நீண்ட வரிசை. அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படியிறங்கிப் போய்விட்டாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். இது நடந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால் வீடு தேடிப் போய் அழைத்து வர வேண்டும். அப்போதும் வராவிட்டால் பதிவேட்டில் ‘மருந்தை விட்டவர்’ என்று எழுத வேண்டும். என் பதிவேட்டில் அதுவரை அப்படி ஒரு பெயர்கூட இல்லை. அந்த வெள்ளிக்கிழமை வெயிலில் சைக்கிள் மிதித்து அவள் தெருவுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் மகளும் நடுவில் இருந்தார்கள். நான் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டே சத்தமாகக் கேட்டேன்.

“ஏம்மா, டி.பி. மாத்திரைய பாதியில விட்டா என்ன ஆவும்னு தெரியுமா? ஒங்களுக்கு மட்டுமா, இங்கன இருக்க எல்லாருக்கும்லா ஒட்டும்.”

இலை வெட்டும் கத்தரிகளின் சத்தம் நின்றது. அக்கா சுளகிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “ஆள் மாறி வந்துட்டீங்க சார்.”

நான் அட்டையை எடுத்து அவள் பெயரை வாசித்தேன். தகப்பனார் பெயரையும் வாசித்தேன். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் சுளகைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். பிறகு இன்னொருத்தி. மகள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. கடமையைச் செய்துவிட்டேன் என்ற நினைப்போடுதான் சைக்கிளைத் திருப்பினேன்.

பத்து நாள் கழித்து அந்த மகள் நிலையத்துக்கு வந்தாள். என்னிடம் வரவில்லை. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மாவிடம் போய் நின்றாள். ஆயாம்மா எத்தனையோ வருடமாக அங்கே வேலை பார்ப்பவள். பெண்கள் என்ன சொல்ல வந்தாலும் முதலில் அவளிடம்தான் சொல்வார்கள். உள்ளே இருந்த எனக்கும் கேட்டது.

“பீடிக்கடையில எங்க ரெண்டு பேருக்கும் இலையும் தூளும் குடுக்கமாட்டேன்னுட்டாங்க. தெருவுல ஒருத்தியும் எங்க வீட்டுப் பக்கம் வாரதில்ல. அம்மா மூலையில சுருண்டு கெடக்கா. இங்க இருந்து தந்த மாத்திரையத் தின்னுதான் அவளுக்கு ஒண்ணுக்கு ரத்தமாப் போச்சு. பயந்துபோய் நிப்பாட்டினா. அத ஆம்பள ஆளுகிட்ட எப்படிச் சொல்லுவா?”

ஆயாம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து, வரிசையைத் தாண்டி நேரே டாக்டரம்மாவின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள்.

அந்த மாத்திரைகளில் ஒன்று சிறுநீரைச் சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறத்தில் போகச் செய்யும். அது மருந்தின் சாயம். ஆபத்து ஒன்றும் இல்லை. எனக்கும் தெரியும், டாக்டரம்மாவுக்கும் தெரியும்.

“நீங்க சொல்லலையா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“படிவத்துல அது இல்ல டாக்டர்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார். பிறகு, “நானும் சொல்லல. எனக்கும் தோணல,” என்றார். அன்றைக்கு வரிசை முடிந்ததும் இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம்.

ஒற்றை அறை வீடு. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து உட்கார முயன்றாள். டாக்டரம்மா பாயின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த நிறம் ஏன் வந்தது என்று நிதானமாகச் சொன்னார். அக்கா இரண்டு தடவை திரும்பக் கேட்டாள். ரத்தம் இல்லை என்று உறுதியானதும், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை டாக்டரம்மா காத்திருந்தார். பிறகு கேட்டார்: “வேற என்னவெல்லாம் கஷ்டமா இருந்துச்சு? எதுனாலும் சொல்லுங்க. நாங்க கேக்கத்தான் வந்திருக்கோம்.”

அக்கா முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். காலையில் வெறும் வயிற்றோடு வந்து ஏழு மாத்திரையை விழுங்கிவிட்டுத் திரும்பும்போது ஆற்றங்கரையில் உட்கார்ந்து குமட்டுவாளாம். சாப்பிட்டு வந்தாயா என்று யாரும் கேட்கவில்லை. பத்து மணிக்குப் பீடிக்கடையில் சுற்றிய பீடியை வாங்குவதை நிறுத்திவிடுவார்களாம். நிலையத்தில் தாமதமானால் அன்றைய பீடி வீட்டில் கிடக்கும். அப்புறம் அந்தப் பெஞ்சு. “மாத்திரைகூட முழுங்கிருவேன்மா. அந்தப் பெஞ்சுல போய் உக்காருததுக்குத்தான் தெம்பு வரல.” நான் கையில் இருந்த படிவத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். முன்பக்கத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லை.

எழுதி முடித்ததும் எனக்கும் பேச வேண்டியிருந்தது. அதுவரை அவளை ‘ஏம்மா’ என்று மட்டுமே கூப்பிட்டிருந்தேன்.

“அக்கா, அன்னைக்கு நான் தெருவுல வச்சு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு என் மேலதான்.”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “பேசியாச்சு. இனி என்ன செய்ய. எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க, உக்காருங்க தம்பி,” என்றாள்.

எங்கே வைத்து மாத்திரை சாப்பிட்டால் உங்களுக்குச் சௌகரியம் என்று டாக்டரம்மா கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. யோசித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் இட்லி அவித்து விற்கும் மதினியின் பெயரைச் சொன்னாள். சொந்தக்காரர்கள் கையால் மாத்திரை கொடுக்கக் கூடாது என்பது விதி. சொந்தமா என்று கேட்டோம். கூப்பிடுகிற முறைதான் என்றாள். அந்த மதினியிடம் போனோம். டி.பி.க்காரிக்கு இட்லி வைத்தால் வியாபாரம் படுத்துவிடுமே என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தோடுதான் விஷயத்தைச் சொன்னோம். அவள் இட்லிக் கொப்பரையை இறக்கிக்கொண்டே கேட்டாள்: “பொறவாசல் வழியா வரச் சொல்லுங்க. ரெண்டு இட்லி தின்னுட்டு முழுங்கட்டும். எவளாவது கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். என்னைக்கு இருந்து தரணும்?”

பெட்டி நிலையத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று இன்னொரு விதியும் இருந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, அலமாரியில் ஒரு பெட்டி குறைவதைக் கண்டு கேட்டார். டாக்டரம்மா அவரை மதினி வீட்டுப் பின்கட்டுக்கே அழைத்துப் போனார். முருங்கை மரத்தடியில் அக்கா இட்லி தின்று, மாத்திரையை விழுங்கி, மதினி அட்டையில் கரிக்கோடு போட்டதை அவர் நின்று பார்த்தார். அதன் மேல் நான் பிறகு மையால் குறி போட்டுக்கொள்வேன் என்று சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறும்போது, “இத எழுத்துல மட்டும் எங்கிட்ட கேட்டுராதீங்கம்மா,” என்றார். எங்களுக்கு அது போதும்.

அந்த மாதங்கள் அக்காவுக்கும் மகளுக்கும் லேசாக இருக்கவில்லை. பீடிக்கடை அண்ணாச்சியிடம் நானும் டாக்டரம்மாவும் போய்ப் பேசியும், மருந்து முடியட்டும் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். மகள் மதினி வீட்டில் மாவாட்டப் போனாள். தெருப் பெண்கள் வேறொரு மரத்தடிக்கு மாறிவிட்டார்கள். நான் வாரத்தில் மூன்று நாளும் பின்வாசல் வழியாகப் போய் எட்டிப் பார்ப்பேன். அக்கா ஒரு வேளைகூட விடவில்லை. கன்னத்தில் மெல்லச் சதை வைத்தது. எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணைப் பற்றி என் அம்மாவிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொன்னேன். மாத்திரை விழுங்க எடுக்கும் நேரத்தைவிட அதிக நேரம் பேசினோம்.

ஆறு மாதம் முடிந்து கடைசிச் சளிப் பரிசோதனையின் முடிவு வந்தது. கிருமி இல்லை. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்தாள். நான் தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். எதிரே கொஞ்ச தூரத்தில், அவர்கள் மாறிப்போன மரத்தடியில் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இவ்வளவு பையச் சொன்னா எப்படி தம்பி? அன்னைக்குச் சொன்ன சத்தத்துல சொல்லுங்க. அங்கன கேக்கணும்லா.”

நான் அந்த மரத்தடிக்கே போனேன். சீட்டை விரித்து, அவள் பெயரையும் தகப்பனார் பெயரையும் வாசித்து, இவர்களுக்கு நோய் முழுக்கக் குணமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று சத்தமாகச் சொன்னேன். ஒரு பெண் மட்டும் தன் சுளகை நகர்த்தி இடம் விட்டாள். மறுவாரம் பீடிக்கடையில் இலை கொடுத்தார்கள். அன்று முதலில் எழுந்து போனவள் மட்டும் கடைசிவரை அக்காவோடு பேசவில்லை என்று கேள்வி. ஒரு வார்த்தையால் நான் கலைத்தது எல்லாம் ஒரு சீட்டால் சேர்ந்துவிடவில்லை.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மாத்திரையைத் தினமும் கொடுக்கிறார்களாம், விழுங்கினாயா என்று செல்போனில் கேட்கிறார்களாம். நல்லதுதான். பாளையங்கோட்டையில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. என் மனைவியை அங்கே கூட்டிப் போகும்போது, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் பேசும் இளம் டாக்டர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த வயதில் நான் யாராக இருந்தேன் என்று எனக்குத் தெரியும். அக்கா, மகளுக்குக் கல்யாணம் முடித்து, பேரப் பிள்ளைகளை வளர்த்து, சில வருடங்களுக்கு முன்னால்தான் காலமானாள். தகவல் தெரிந்து நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வருவது ஒரு காலைப் பொழுது. அவளுக்குக் குணமாகி இரண்டு மூன்று மாதம் இருக்கும். அவள் தெருவைச் சேர்ந்த ஒரு வயதான மனிதரைக் கைத்தாங்கலாக நிலையத்துக்குக் கூட்டி வந்தாள். பல மாதமாக இருமலை மறைத்து வைத்திருந்தவர். சளியில் கிருமி இருந்தது. நான் புதுப் பெட்டியை எடுத்து அவர் பெயரை எழுதத் தொடங்கினேன். அக்கா என் மேசையின் மறுபக்கத்து நாற்காலியை இழுத்து, அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“மாமா, இத வெறும் வயித்துல முழுங்காதீங்க. ஒண்ணுக்கு செவப்பாப் போவும், பயந்துராதீங்க, அது மருந்துச் சாயம். ரெண்டு மாசத்துல ஒடம்பு தேறுன மாரி இருக்கும், அப்பவும் விட்டுராதீங்க. எங்க வச்சுத் தந்தா ஒங்களுக்கு வசதி? அதையும் இப்பவே சொல்லிருங்க.”

பெரியவர் வெகுநேரம் யோசித்தார். அக்கா அவசரப்படவில்லை. நானும் பேனாவைத் திறந்து வைத்தபடி, அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.