போன் அடிக்கக் கூடாத நேரம்

ரென்ஸ்கேவுக்குக் கணக்கு ஏறாது என்று முதலில் தீர்ப்புச் சொன்னவர் அவளுடைய அப்பா. சந்தையில் பொரித்த மீன் விற்கும் வண்டி வைத்திருந்தார். அவளுக்குப் பதினாறு வயதானதும் படிப்பை நிறுத்தி வண்டியில் ஏற்றிவிட்டார். அப்புறம் கல்யாணம், இரண்டு பெண்கள். பெண்கள் வெளியூருக்குப் போனபின் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், இதை விரிக்கிற அறையில் போய் நின்றால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. செவிலியர் படிப்புக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் கேட்டார்கள். மாலைப் பள்ளியில் சேர்ந்து ஒவ்வொரு பாடமாகத் தேறினாள். கணக்கு மட்டும் மிஞ்சியது.

கணவன் ஹார்மன் ஃப்ரீஸ்லாந்தின் கடற்கரையில், கடல் உள்ளே வராமல் தடுக்கும் அணைக்கரைகளை அளக்கும் வேலையில் இருந்தான். கணக்கை அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், காபியோடு ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிய பிறகு, ஸ்னேக் என்ற ஊரில் தனக்கு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னான். அங்கே படகுப் பாய் தைக்கும் ஒருத்தி இருந்தாள்.

அழுகையும் கத்தலும் இல்லை. அந்தப் பக்கத்து ஜனங்கள் இதற்கெல்லாம் கத்துவதில்லை. உட்கார்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வருவார்கள்.

"உன் பரீட்சை முடியற வரைக்கும் இருக்கேன். பாதியில விட்டுட்டுப் போக மாட்டேன்" என்றான்.

"தேறலேன்னா?"

"மறுபரீட்சை இருக்கே. நீ தேறுற வரைக்கும்னு வெச்சுக்கோ."

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்து, உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தபின் சமையலறை மேஜையில் உட்காருவார்கள். x² = 5x என்று அவன் எழுதித் தள்ளுவான்.

"ரெண்டு பக்கத்தையும் எக்ஸால வகுத்துட்டேன். எக்ஸ் அஞ்சு. முடிஞ்சுது."

"முடியல. எக்ஸ் பூஜ்யமா இருந்தா?"

"பூஜ்யம்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."

"அதுவும் ஒரு விடைதான். பூஜ்யத்தால வகுக்கக் கூடாது. எக்ஸ் என்னன்னே தெரியாதப்ப அதால எப்படி வகுப்பே?"

"நீ ஸ்னேக்கில வீடு பார்த்த மாதிரிதான். யோசிக்காம."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அது நின்றதும் அவன் பேனாவை அவள் பக்கம் உருட்டினான்.

"எல்லாத்தையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டு வா."

x² − 5x = 0 என்று எழுதினாள்.

"ரெண்டுலயும் பொதுவா என்ன இருக்கு?"

"எக்ஸ்."

"வெளிய எடு."

x(x − 5) = 0.

"ரெண்டைப் பெருக்கினா பூஜ்யம் வருது. அப்படீன்னா?"

"ரெண்டுல ஏதோ ஒண்ணு பூஜ்யம். எக்ஸ் பூஜ்யம், இல்லேன்னா அஞ்சு."

"வெச்சுப் பாரு."

பூஜ்யத்தை வைத்தாள், இரண்டு பக்கமும் பூஜ்யம். ஐந்தை வைத்தாள், இரண்டு பக்கமும் இருபத்தைந்து. அடுத்த வாரம் மறுபடியும் எக்ஸால் வகுத்தாள். மறந்துதான் செய்தாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அவன் சலிக்காமல் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். பெண்கள் பிறந்த நாளிலிருந்து அவன் அவ்வளவு நேரம் அவள் எதிரே உட்கார்ந்ததில்லை.

மே மாதம் பரீட்சைக்குச் சைக்கிளில் போகும்போது, எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டே, தப்பாக எழுதுவது என்று முடிவு செய்தாள். மூன்றாவது கேள்வி x² = 7x. வகுத்துவிட்டால் போதும். ஆனால் கை அதற்குள் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்துவிட்டது. எக்ஸை வெளியே எடுத்து, இரண்டு விடையையும் எழுதி, வைத்துப் பார்க்கவும் செய்தது. மற்ற கேள்விகளிலும் இதே கதைதான். அவன் அப்படிப் பழக்கியிருந்தான்.

கடைசிக் கேள்வி ஓர் அணைக்கரை. உயரம் நாலு மீட்டர்; ஒரு மீட்டர் ஏற மூன்று மீட்டர் தள்ளிப்போகும் சரிவு; சரிவின் நீளம் என்ன. அடி பன்னிரண்டு, பதினாறும் நூற்று நாற்பத்து நாலும் நூற்று அறுபது, அதன் வர்க்கமூலம். கேள்வியைப் படித்து முடிக்குமுன் விடை வந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தாள்.

"கடைசிக் கணக்க எழுதல" என்று அன்று சாயங்காலம் ஹார்மனிடம் சொன்னாள்.

"நேரம் போதலையா?"

"ம்."

"பரவாயில்ல, பார்ப்போம்" என்றான்.

முடிவு வரும் நாளில், தேறாதவர்களை மட்டும் வாத்தியார் போனில் கூப்பிடுவார், ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள். போன் அடிக்காவிட்டால் தேறியாயிற்று. பரீட்சை எழுதியவர் இருக்கும் வீட்டுக்கு அந்த நேரத்தில் வேறு யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

ரென்ஸ்கே போனை மேஜையின் நடுவில் வைத்து, சத்தம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். ஹார்மன் லீவு போட்டிருந்தான்.

"பயப்படாத. அடிக்காது" என்றான்.

இரண்டரைக்கு அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ஏதாவது தெரிஞ்சுதாடி?" என்றாள் அவளுடைய அக்கா கேஸ்கே. "எனக்கு இருப்புக் கொள்ளல."

"இந்த நேரத்துல யாராவது பண்ணுவாங்களா, அக்கா? வை. அவங்க கூப்பிட்டா லைன் கிடைக்காது."

"கிடைக்கலேன்னா நல்லதுதானே?"

ரென்ஸ்கே போனை வைத்தாள். கேஸ்கேயின் குரல் அறை முழுக்கக் கேட்கும். ஹார்மன் ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துக்கொண்டிருந்தவன், கத்தியைக் கீழே வைத்தான்.

"அந்தக் கடைசிக் கணக்கு" என்றான். "வருஷா வருஷம் வர்ற அணைக்கரையா?"

"பன்னிரண்டு புள்ளி ஆறு அஞ்சு."

ரொட்டியை யாரும் தொடவில்லை. மூன்று அடித்தது.

"சில சமயம் லேட்டாக் கூப்பிடுவாங்க" என்றாள்.

"இல்ல, ரென்ஸ்கே."

இன்னும் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹார்மன் பரணில் ஏறிக் கொடியை எடுத்து வந்தான். தேறியவர் வீட்டு வாசலில் கொடியேற்றி, அதன் நுனியில் பள்ளிப் பையைக் கட்டுவார்கள்.

"வேண்டாம்" என்றாள்.

"நீ தேறியிருக்கே. ஊர் பார்க்க வேண்டாமா?"

பையைக் காலி செய்து, நன்றாக முடிச்சுப் போட்டுக் கட்டினான். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தி, "தேறிட்டியேம்மா! கேக்கு எப்போ?" என்று கேட்டார். "சனிக்கிழமை, வாங்க" என்று ஹார்மன்தான் பதில் சொன்னான்.

அவர் போனபின் ரென்ஸ்கே, "நீ எப்போ கிளம்பறே?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்குச் சாமான் ஏத்த வண்டி சொல்லியிருந்தேன்."

"அப்போ சனிக்கிழமை வர்றவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

அவன் கொடிக்கயிற்றின் நுனியைச் சுருட்டினான். ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான்.