சென்னையில் எங்களுக்கு ஓர் ஆபீஸ் இருந்தது

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. சரி, சூட்டோடு சூடாகவே சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியில் ஒரு தகரக் கூரை ஷெட்டில் நானும் என் நாத்தனாரும் பைண்டிங் வேலை செய்கிறோம். அச்சகங்களில் இருந்து வரும் தாள்களை மடித்து, தைத்து, அட்டை போட்டு நோட்டாகவும் டைரியாகவும் ஆக்கிக் கொடுப்போம். எங்களோடு பன்னிரண்டு பெண்கள். பாதிப் பேர் தாயில்பட்டிப் பக்கமிருந்து வேனில் வருகிறவர்கள், வெடி கம்பெனி வேண்டாம் என்று இங்கே வந்தவர்கள். நாங்கள் செய்து அனுப்பும் எந்தப் புத்தகத்திலும் எங்கள் பெயர் இருக்காது. பல வருடம் அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. தெரிய ஆரம்பித்த வருடம், பள்ளிக்கூட டைரிக்கு நாமே ஆர்டர் பிடித்து நம் பெயரிலேயே செய்து கொடுப்போம் என்று கிளம்பினேன்.

மாதிரி டைரி ஒன்று செய்தேன். மெரூன் அட்டை, வட்ட மூலை, பக்க அடையாளத்துக்கு மஞ்சள் நாடா. அந்த நாடா என் யோசனை. சென்னைப் பள்ளிகள் சிலவற்றுக்கு அனுப்பிவிட்டு ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் இரண்டே கேள்விதான் வரும். தீபாவளிக்குப் பட்டாசுப் பெட்டி கிடைக்குமா? போன வாரம் வெடித்ததே, அது உங்க பக்கமா? டைரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இந்த நாட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர்களில் பாதி எங்கள் ஊரிலிருந்து போகிறது. ஆனாலும் எங்களை வெடிக்காரர்கள் என்று மட்டும்தான் தெரியும் இவர்களுக்கு.

ஒரே ஒருவர் தானாகவே கூப்பிட்டார். ஒரு கான்வென்ட் பள்ளியை நடத்தும் சிஸ்டர். "நாடா ரொம்ப நல்லா இருக்கும்மா. சென்னையில ஆபீஸ் இருக்கா? திருத்தம் ஏதாவதுன்னா நேர்ல பேசணும்" என்றார்.

"இருக்கு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். "எங்கன இருக்கு மதினி? எனக்கும் சொன்னா ஒருநா போயி ஃபேன் காத்துல உக்காந்துட்டு வருவேன்ல."

இப்படித்தான் விர்ச்சுவல் ஆபீஸ் தேட ஆரம்பித்தேன். ஆபீஸ் என்று பெயர், ஆனால் நாம் அங்கே போகவும் வேண்டாம், இருக்கவும் வேண்டாம். முகவரியை நம்முடையது என்று போட்டுக்கொள்ளலாம். போன் வந்தால் நம் கம்பெனி பெயரைச் சொல்லி ஒரு பெண் எடுப்பாள், தபால் வந்தால் நமக்கு அனுப்பி வைப்பார்கள். மூன்று இடங்களில் விசாரித்தேன். முதல் இடத்தில் ஆயிரம் கேள்வி. என்ன தொழில், யார் யார் வருவார்கள், தபாலா பார்சலா, ஆதார் கொடு, கட்டட உரிமையாளர் சம்மதக் கடிதம் நாங்கள் தருகிறோம், நேரில் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. பெண் பார்க்க வந்தவர்கள் போலக் குடைகிறார்களே என்று விட்டுவிட்டேன். இரண்டாம் இடத்துக்காரர், "பார்சல் வாங்க மாட்டோம், ஆள் வந்தா உக்கார வைக்க இடமில்ல" என்று வெளிப்படையாகச் சொன்னார். அவரையும் விட்டேன்.

மூன்றாம் இடத்தார் ஒரு புரோஷர், அதாவது விளம்பர மடிப்பிதழ், அனுப்பி வைத்தார்கள். பிரித்ததுமே விழுந்துவிட்டேன். நல்ல கனமான ஆர்ட் பேப்பர். மேலே மேட் லேமினேஷன். கண்ணாடிக் கதவுப் படத்தில் அந்தக் கண்ணாடி மட்டும் பளபளக்கும்படி தனியாக வார்னிஷ். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தது. இப்படி அச்சடிக்கிறவர்கள் வேலையிலும் சுத்தமாகத்தான் இருப்பார்கள் என்று முடிவு கட்டினேன். வேறு ஊர்க்காரர்கள் நேரில் போய் அந்தக் கதவைத் திறந்து பார்த்திருப்பார்கள். நான் கதவின் மேல் இருந்த வார்னிஷைத் தடவிப் பார்த்தேன். அந்தப் புரோஷரே எங்கள் ஊரில் அச்சானதாக இருக்கும் என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

போனில் எதைக் கேட்டாலும் "உண்டு மேடம்" என்றாள் அந்தப் பெண். பார்சல்? உண்டு. ஆள் வந்தால்? உட்கார வைப்போம் மேடம், காபி உண்டு. அன்றைக்கே பணம் கட்டினேன். அடுத்த மூன்றாம் நாள் லெட்டர்பேடு, விசிட்டிங் கார்டு, ஸ்டிக்கர் எல்லாம் சென்னை முகவரியோடு தயார். வேறு யாராக இருந்தாலும் அந்த முகவரிக்குத் தனக்குத்தானே ஒரு கார்டு போட்டு, அது வந்து சேருகிறதா என்று பார்த்திருப்பார்கள். எங்கள் ஊரில் முதலில் அச்சடித்துவிட்டுத்தான் மற்ற யோசனை. லெட்டர்பேடு மட்டும் பத்து ரீம். அதில் ஒரு கடிதம் எழுதி, திருத்தம் பார்க்கச் சொல்லி டைரியின் புரூஃபோடு சிஸ்டருக்கு அனுப்பினேன்.

அந்த முகவரி வழியாக எனக்கு வந்து சேர்ந்தது மொத்தம் ஒரே ஒரு தபால். தங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி சொல்லி அவர்களே போட்ட கடிதம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில் நேரம், சிஸ்டர் போன் செய்தார். குரலில் மூச்சு வாங்கியது. "உங்க ஆபீஸ் வாசல்ல நிக்கிறேம்மா. ரெண்டு மாடி ஏறி வந்திருக்கேன். புரூஃப் திருத்திக் கையோட கொண்டுவந்தேன்."

அவருக்குப் பின்னால் ஒரு பெண் சொல்வது கேட்டது: "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல மேடம்."

"இங்க போர்டுல நாப்பது பேர் இருக்கு, உங்க பேர் இல்ல" என்றார் சிஸ்டர். "நீங்க இருக்கீங்களா, இல்லையா?"

"இருக்கேன் சிஸ்டர்."

"எங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வெளிய வந்திருக்கேன்" என்றேன். எனக்குப் பின்னால் கட்டிங் மெஷின் தடார் தடாரென்று இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"பொய் சொல்லாதேன்னு அந்த டைரியில ஒரு பக்கமே போட்டிருக்கோம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை.

சென்னைப் பெண்ணைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ஏம்மா, ஆள் வந்தா காபி கொடுப்போம்னியே. இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க பிளான்ல விசிட்டர் கிடையாது மேடம். போர்டுல பேர் வேணும்னா அதுக்கு அடுத்த பிளான்."

"எல்லாம் உண்டுன்னு நீதானே சொன்ன?"

"அது சேல்ஸ் டீம் மேடம். நான் சப்போர்ட்."

குரல் அதே குரல். கர்த்தர் மேல் ஆணையாக அதே குரல்.

மே மாதம் ஓர் அச்சகத்தில் இருந்து பைண்டிங்குக்கு ஒரு லோடு இறங்கியது. சென்னையில் ஒரு கம்பெனி ஆர்டர் பிடித்து இந்த அச்சகத்தில் அடிக்கக் கொடுத்திருக்கிறது, இவர்கள் எங்களிடம் தைக்கக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் இது தினமும் நடப்பது. முதல் கட்டைப் பிரித்தேன். அந்த சிஸ்டரின் பள்ளிக்கூட டைரி. மெரூன் அட்டை, வட்ட மூலை. போதாததற்கு ஒரு சுருள் மஞ்சள் நாடாவும், அதை எப்படி ஒட்டுவது என்று எனக்கே ஒரு குறிப்பும். கூடவே மாதிரிக்கு ஒரு டைரி. திருப்பிப் பார்த்தேன், அது நான் சிஸ்டருக்கு அனுப்பியது, என் கையால் தைத்தது. கடைசிப் பக்கத்தில் அந்தச் சென்னைக் கம்பெனியின் பெயரும் முகவரியும்.

"இந்த வேலையைத் திருப்பி அனுப்பிரு" என்றேன்.

"அனுப்பிட்டு? வேன்ல வந்தவகளை வெறுங்கையோட அனுப்பவா?" என்றாள் நாத்தனார்.

தைத்தோம். கோபத்தில் தைத்தாலும் தையல் கோணவில்லை, அது மட்டும்தான் என்னால் முடிந்த மரியாதை.

கட்டுப் போடும்போதுதான் யோசனை வந்தது. கயிறு அழுத்தி அட்டை கெடாமல் இருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் கீழும் ஒரு வேண்டாத தாள் வைப்பது வழக்கம். பத்து ரீம் லெட்டர்பேடு மூலையில் கிடக்கிறதே! எடுத்து வந்தேன். சென்னை முகவரியைச் சிவப்பு மையால் கோடிட்டு அடித்துவிட்டு, அதன் கீழே ஷெட்டின் முகவரியை ரப்பர் ஸ்டாம்பால் குத்தி, "சிஸ்டர், இங்கனதான் இருக்கேன்" என்று கையால் எழுதி, கட்டைப் பிரித்ததும் கண்ணில் படும்படி வைத்தேன்.

நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது. கூலிக்குத் தைக்கிறவர்கள் ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்குத் தங்கள் பெயரைக் காட்டக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். "மதினி, அடுத்த லோடு நமக்கு வராது, பாத்துக்கோங்க."

"வராட்டா போகட்டும். எம்புட்டு நாளைக்கு நான் இல்லாதவளாவே இருக்க?"

தாயில்பட்டிக்காரி ஒருத்தி என் கையிலிருந்து ஸ்டாம்பைப் பிடுங்கினாள். "குடுங்கக்கா, நான் குத்துறேன். நீங்க குத்துற குத்துக்குத் தாளு கிழிஞ்சுரும்."

லாரி வியாழக்கிழமை நேராகச் சிஸ்டரின் பள்ளிக்கே போனது. சிஸ்டர் இன்றுவரை கூப்பிடவில்லை. ஆனால் பத்தாம் நாள் அந்த அச்சகத்து முதலாளி கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே, "ஏம்மா, என்ன வேல பாத்திருக்கீக? இனி எங்க பக்கம் வராதீக" என்று கத்தினார்.

நானும் பதிலுக்குக் கத்தினேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அப்படியென்றால், பள்ளியில் கட்டைப் பிரித்திருக்கிறார்கள்.