வெர்டெலின் பெயர் விழுந்த இடம்

வெர்டெலைப் பயந்தாங்கொள்ளி என்று எங்கள் பாரி ஃபார்ம் குடியிருப்பில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ரிச்மண்டில் கட்டினவன் அடித்த அடியில் விலா எலும்பு முறிந்து, உடுத்திய துணியோடு பஸ் ஏறி இங்கே வாஷிங்டனுக்கு ஓடிவந்தவள் அவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, சித்தி மகள் டோனெட்டின் வீட்டில் ஜாகை. கதவைப் பூட்டுவாள், சங்கிலி மாட்டுவாள், உட்கார்ந்தவள் மறுபடி எழுந்துபோய் இழுத்துப் பார்ப்பாள். புருஷன் ஹார்லன் அவளைத் தேடிக்கொண்டே இருந்தான். எங்கே இருக்கிறாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அது தெரியாதவரைதான் அவளுக்கு உயிர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டோனெட் அவளை வம்படியாகக் கோ-கோ என்கிற எங்கள் ஊர் மேளப் பாட்டுக் கச்சேரிக்கு இழுத்துப்போனாள். எங்கள் பேட்டைக் குழு மேடையில் வாசிக்க வாசிக்கவே ஆல்பத்துக்குப் பதிவு செய்கிற நாள். கோ-கோவில் பாட்டு முடிந்தாலும் மேளம் நிற்காது. கொங்கா மேளமும் மணியும் தாளத்தை இழுத்துக்கொண்டே போகும். மைக் பிடித்து முன்னால் நிற்கும் பாடகன் கிளீட்டஸ், கூட்டம் நீட்டுகிற துண்டுச் சீட்டைப் பார்த்து, யார் வந்திருக்கிறார்கள், எந்தப் பேட்டை என்று கூவுவான். பெயர் விழுந்ததும் கூட்டம் 'ஓ' என்று கத்தும். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

வெர்டெல் வெகுகாலம் கழித்து அன்றுதான் கண்ணை மூடி ஆடினாள்.

"பாரி ஃபார்ம் வெர்டெல் வந்திருக்காங்கப்பா! எங்க, சத்தத்தையே காணோம்?" என்று கூவினான் கிளீட்டஸ்.

"ஓ!" என்று மண்டபம் அதிர்ந்தது. ஒரு கணம் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து யாரும் அவள் பெயரை அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதில்லை. அடுத்த கணம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டோனெட் பக்கம் திரும்பினாள்.

"நான்தான்க்கா சீட்டு குடுத்தேன்!" டோனெட் துள்ளினாள்.

"அடிப்பாவி! இது ரெக்கார்டு ஆவுதுடி! புதுசா எந்தக் கோ-கோ இசைத்தட்டு வந்தாலும் ஹார்லன் வாங்காம விடமாட்டானே!"

டோனெட்டின் முகம் செத்துப்போயிற்று.

ஆட்டம் முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்த கிளீட்டஸிடம் வெர்டெல் ஓடினாள். "அண்ணே, என் பேர எடுத்துடுங்க."

"நல்லா இருக்கும்மா கதை! அவனவன் தன் பேரு வரலன்னு என் சட்டையப் புடிக்கிறான். நடுவுல வெட்டுனா தாளம் அறுந்துடும். தட்டோட அந்தப் பக்கம் பூரா நிக்காம ஒரே ஓட்டம்."

வெர்டெல் அவன் கையைப் பிடித்து, எலும்பு கோணலாகக் கூடியிருந்த தன் விலாவின்மேல் வைத்தாள். கிளீட்டஸ் சுட்டுவிட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான்.

"எங்க இருக்கான் அவன்?"

"ரிச்மண்ட்ல."

"பாக்குறேன்மா. ஆனா சத்தியம் கித்தியம் கேக்காத."

தட்டு வெளிவரும்வரை அவள் பட்ட பாடு கொஞ்சமா! தெருவில் கார் மெதுவாக வந்தால் போதும், விளக்கை அணைத்துவிடுவாள். தட்டு வந்த அன்று டோனெட் அதை ஓடவிட்டபோது வெர்டெல் துணிமூட்டையோடு வாசலில் நின்றாள். பெயர் கேட்டால் அப்படியே வேறு ஊர் போய்விடுவது என்ற முடிவு. இங்கேயே இருந்தால் ஹார்லன் வந்து கொன்றுவிடுவானே!

அந்த இடம் வந்தது. கிளீட்டஸின் குரலை மட்டும் அணைத்திருந்தார்கள். கொங்கா தன்பாட்டுக்கு ஓடியது. ஆனால் கூட்டத்தின் கத்தலை எடுக்க முடியவில்லை போல, யாரையும் கூப்பிடாமலே "ஓ!" என்று எழுந்தது. வெர்டெல் மூட்டையை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

அந்தக் கோடை முழுக்க எந்தக் காரிலும் அதே பாட்டுதான். "யாருக்குய்யா இந்தக் கத்து?" என்று ஆட்கள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள்.

ஒருநாள் சாயங்காலம் டோனெட் வீட்டில் இல்லை. வெர்டெல் ஜன்னலை இழுத்துச் சாத்தி, தட்டில் முள்ளை வைத்தாள். அந்த இடம் வந்ததும், "பாரி ஃபார்ம் வெர்டெல்" என்றாள், தனக்கே கேட்காத குரலில். ஊரே "ஓ!" என்று கத்தியது. உடனே எழுந்துபோய்க் கதவுச் சங்கிலியை இழுத்துப் பார்த்தாள்.