ஜூலி திரும்பிப் பார்க்கணும்

நாய் கடிச்சா ஊரே ஊசி போட ஓடும். கடிக்க மாட்டேங்குதேன்னு கவலைப்படுற பொழப்பு என்னோடதுங்க. நெருப்பெரிச்சல்ங்கிற ஊர்ப்பக்கம் ஒரு கால்நடை கிளினிக்ல, முதுகுத்தண்டு அடிபட்டுப் பின்னங்கால் விழுந்துபோன நாய்களை நடக்கப் பழக்குறேன். ஒரு நாய் திரும்பிப் பார்க்கிறதோட அருமை, என்னை மாதிரி பூட்டின ஊட்டுக்குத் தனியாத் திரும்புறவங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

முதல் கிள்ளு

எஸ்தர்ங்கறவங்க ஒரு பனியன் கம்பெனியில துணி செக்கிங் பண்றாங்க, சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வேன் இடிச்ச தன்னோட நாய் ஜூலியைத் துணியில சுத்தித் தூக்கிட்டு வந்தாங்க. இடுக்கியால பின்னங்கால் விரலை அழுத்துனேன். கால் வெடுக்குனு உள்ள இழுத்துச்சு, எஸ்தர் சந்தோஷத்துல கை தட்டிட்டாங்க. "அது காலாவே இழுத்துக்கிறதுங்க, மூளைக்குத் தெரியாது. வலி தெரிஞ்சா திரும்பிப் பார்க்கும், கடிக்க வரும்"னேன். அவங்க முகம் சுருங்கிருச்சு.

"கொஞ்சம் சந்தோஷப்பட விட மாட்டியளா சார்?"

நீண்ட பட்டி

இடுப்பைத் தூக்கிப் பிடிச்சு நடத்த ஒரு துணிப்பட்டி கேட்டேன். கம்பெனி கட்டிங் வேஸ்ட் துணியில அழகாத் தைச்சிட்டு வந்தாங்க. பனியன் துணியாச்சுங்களே! நாலடி போறதுக்குள்ள நீண்டு, ஜூலி தரையில உட்கார்ந்துருச்சு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அந்த ரூம்ல நான் சிரிச்சு எத்தனை மாசமாச்சோ.

ஜூலிக்குத் தானா மூத்திரம் போகாது; சாப்பாட்டு நேரத்துல எஸ்தர் கம்பெனியிலிருந்து ஊட்டுக்கு ஓடிப்போய் அதோட வயித்தை அமுக்கி விட்டுட்டு வருவாங்க. நாத்தம் தாங்கலை, மாசக் கடைசிக்குள்ள நாய் போகணும்னுட்டார் வாடகைக்கு விட்ட ஊட்டுக்காரர். ஊசி போட்டு முடிச்சிரலாமான்னு டாக்டரும் கேட்டார். எஸ்தர் என்னைத்தான் பார்த்தாங்க.

"கதவைத் திறந்தா யாராவது திரும்பிப் பாக்கணும்லா சார்."

கடி

மாசக் கடைசிக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. வழக்கம்போல அழுத்துனேன். கால் இழுத்துச்சு. ஜூலி மெதுவாத் திரும்பி என்னைப் பார்த்துச்சு. அடுத்த நிமிஷம் லபக்குனு மணிக்கட்டுல! ரத்தம் சொட்டுது, எனக்குக் கண்ணுல தண்ணி, வலியில இல்லீங்க.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! இன்னொருக்கா கிள்ளுங்க சார்!"

கடைசி நாள்

டாக்டர் பேசவும் ஊட்டுக்காரர் பொறுத்துக்கிட்டார். மூணு மாசத்துல ஜூலி கோணல்மாணலா நடந்து தானாப் படியிறங்குச்சு. எஸ்தர் பட்டியைத் துவைச்சு மடிச்சு என் கையில குடுத்தாங்க.

"இனி இங்க வர வேண்டியதில்லலா சார்?"

'இல்லீங்க'ன்னுட்டேன், இப்ப கிளினிக் கதவு சத்தம் கேட்டா திரும்பிப் பார்க்கிறது நான்தான், ஜூலியை அவ்வளவு நல்லா நடக்கப் பழக்கியிருக்கக் கூடாதுங்க.