கோல் காப்பாளர் என் வகுப்புத் தோழர்

மொன்றியலில் நான் போன பிரெஞ்சு வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு ரஷ்யர் இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். நல்ல உயரம். மேசைக்குக் கீழே கால்களை மடக்கமாட்டாமல் வெளியே நீட்டி வைத்திருப்பார். போகிறவர்கள் தாண்டித்தான் போகவேண்டும். முதல் நாள் எல்லோரும் தங்கள் தொழிலைச் சொல்லவேண்டியிருந்தது. அவர் எழும்பி, "கார்தியான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். காவலாளி. துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தின் வாசலில் என் கணவர் பார்க்கும் வேலையும் அதுதான். இடைவேளையில், எனக்கிருந்த அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன்.

"எந்தக் கட்டடத்தில காவல்?"

அவர் விழித்தார். பிறகு கையிலிருந்த கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, கோப்பி இயந்திரத்துக்கு முன்னால் போய், முழங்கால்களை மடித்து, இரண்டு கைகளையும் அகல விரித்துக் குனிந்து நின்றார். யாராவது அந்த இயந்திரத்தை நோக்கி எதையாவது எறிந்தால் பிடித்துவிடுவார் போலிருந்தது.

"ஐஸ் ஹொக்கி," என்றார். கோல் காப்பவருக்கும் பிரெஞ்சில் அதே சொல்தானாம்.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "மெய்யாவோ? இஞ்ச வந்த நாள் தொட்டு ரீவியில பாக்கிறன், அந்தக் கறுப்பு வட்டு எங்க போகுதெண்டு ஒருநாளும் எனக்குத் தெரிஞ்சதில்லை. முன்னால நிக்கிற ஆளுக்காவது தெரியுமோ எண்டு கேட்டுப் பார்."

கேட்கச் சந்தர்ப்பம் தானாக வந்தது. இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் மற்றவரின் வாழ்க்கையை விசாரித்து வகுப்பில் ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்று ஆசிரியை சொன்னார். எனக்கு அவர், அவருக்கு நான்.

மூன்று மதியச் சாப்பாட்டு வேளைகள் கேள்வி கேட்டேன். சொல் கிடைக்காத இடத்தில் கைத்தொலைபேசி மொழிபெயர்த்தது. அவர் பிறந்தது யூரல் மலைப் பக்கத்து உருக்காலை நகரம் ஒன்றில். பிள்ளைகள் விளையாடும் கழகத்தில் மற்றவர்கள் காப்பு உடுப்புகளைத் தாங்களே கொண்டுவரவேண்டும். கோல் காப்பவனுக்கு மட்டும் கழகம் கொடுக்கும். "அம்மா முடிவெடுத்தா," என்றார். பதினெட்டு வயதில் தொழில்முறை ஆட்டக்காரர். அடுத்த பத்து வருடத்தில் ஐந்து நகரங்கள். பிறகு கனடாவில் ஒரு அணி அவரை இரண்டாவது கோல் காப்பாளராக எடுத்தது.

"இரண்டாவது ஆளுக்கு என்ன வேலை?"

"கதவு திறக்கிறது."

அவருடைய பிரெஞ்சைப் பிழையாக விளங்கிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் என் கொப்பியில் படம் கீறிக் காட்டினார். ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்காரும் வாங்கு, அதற்கு முன்னால் கட்டைச் சுவர், சுவரில் ஒரு சின்னக் கதவு. ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். வாங்கின் ஓரத்தில் இருப்பவர் கதவைத் திறந்து, மூடி, மறுபடியும் திறக்கவேண்டும். இரண்டு குளிர்காலம் அதைச் செய்தாராம். எதிர்ச் சுவரிலிருந்த விளம்பரங்களை வாசித்து வாசித்துத்தான் முதல் பிரெஞ்சுச் சொற்களைப் படித்தார்: டயர், காப்புறுதி, மெத்தை.

ஒரேயொரு நாள் முதல் காப்பாளருக்குக் காலில் அடிபட, இவரை இறக்கினார்கள். மிச்சமிருந்தது பதினொரு நிமிடம்.

"கோலுக்கு எத்தனை வந்தது?"

"மூண்டு."

"பிடிச்சீங்களோ?"

"ரெண்டு."

அந்த மூன்றாவதை எனக்கு விளக்கக் கால்மணித்தியாலம் எடுத்தது. அழிறப்பர்தான் வட்டு, பேனைகள் ஆட்கள், என் சாப்பாட்டுப் பெட்டி கோல். வகுப்பில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் மனிதர், இலக்கணத்தைப் பற்றிய கவலையே இல்லாமல் கொட்டிக்கொண்டே போனார். தன் இடது கால் ஏன் முந்தியது என்று அவருக்கு இன்னமும் அதிசயமாயிருந்தது.

பிறகு ரஷ்யாவுக்குத் திரும்பி, இடுப்பு மூட்டுகள் இரண்டும் கெடும்வரை எட்டு வருடம் முதல் காப்பாளராக நின்றார். மனைவி மொன்றியல்காரி என்பதால் மறுபடியும் இங்கே வந்தார். பக்கத்து நகரமான லவாலில் ஒரு பனி அரீனாவில் பிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்கும் வேலை கிடைக்கும். அதற்குப் பிரெஞ்சுப் பரீட்சை சித்தியடையவேண்டும்.

கணவரின் கேள்வியையும் கேட்டேன். "வட்டு முக்கால்வாசி நேரம் தெரியாது. அடிக்கிற ஆளின்ர தோளைப் பாக்கிறது. வட்டைப் பாத்தால் பிந்திப்போம்."

பிறகு அவருடைய முறை. பள்ளிக்கூடத்தில் என்ன செய்தாய் என்று கேட்டார். திருகோணமலையில் வலைப்பந்து விளையாடினேன், நானும் கோல் காப்பாளர்தான் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"வெறும் கையாலயோ?"

"ஓம். எறியிற பிள்ளையில முட்டக்கூடாது. மூண்டடி தள்ளி நிக்கோணும்."

நின்று காட்டச் சொன்னார். சாப்பாட்டு அறையில், ஐம்பது வயதில், கைகளைத் தூக்கி நுனிக்காலில் நின்றேன்.

"பந்து உன்ர பக்கம் வராத நேரம் என்ன செய்வாய்?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்தேன். "கடலைப் பாப்பன்," என்றேன். அவர் அதைக் கவனமாக எழுதிக்கொண்டார்.

வகுப்பில் ஐந்து நிமிடம் எனக்குப் போதவில்லை. ஆசிரியை கடிகாரத்தைக் காட்டிய பிறகும் அழிறப்பரை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

அவர் பரீட்சையில் சித்தியடைந்தார், வேலையும் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை காலை நானும் கணவரும் மெட்ரோவின் ஒரேஞ்ச் பாதையில் லவாலுக்குப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். நடக்கும்போது நொண்டுகிற மனிதர் பனியில் வழுக்கிக்கொண்டு போனார். பயிற்சி முடிய எங்களிடம் வந்து, ஒரு வட்டைக் கணவரின் கையில் வைத்தார்.

"ஐயோ, குளிருது! இவ்வளவு பாரமோ?"

குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்துத்தான் விளையாட எடுப்பார்களாம். சூடானால் இறப்பர் துள்ளும். கணவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். அந்த ஆர்வத்தில் வட்டைத் திருப்பிக் கொடுக்க மறந்து, கோட்டுப் பையோடு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். ரஷ்யரிடம் தொலைபேசியில் சொன்னேன். "இருக்கட்டும்," என்று சிரித்தார்.

கணவர் முதலில் அதைச் சமையலறை நிலத்தில் போட்டுப் பார்த்தார். துள்ளி அடுப்புக்குக் கீழே ஓடியது. தேடி எடுத்து, எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் உறைந்த மீன் பைகளுக்கு நடுவே இரண்டு மணித்தியாலம் வைத்துவிட்டு மறுபடியும் போட்டார். கல் விழுந்ததுபோல விழுந்து, அசையாமல் கிடந்தது.

"பாத்தியே," என்றார். "அந்தாள் சொன்னது உண்மை."