பசிக்கு ஒரு ரிப்போர்ட்

ஜெரூஷாவுக்கு நரம்பு பிடிபடாத கை தாம்பரம் வட்டாரத்திலேயே கிடையாது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு லேபில் ஒன்பது வருஷமாக வேலை. காலை ஆறரைக்கு ஸ்கூட்டியை எடுத்தால் சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று வீடு வீடாகப் போய் வெறும் வயிற்று ரத்தம் எடுத்துக்கொண்டு வருவாள். "தண்ணியைத் தவிர ஒண்ணும் சாப்பிடலையே?" என்று கேட்ட பிறகுதான் ஊசியைத் தொடுவாள். எடுத்து முடித்ததும், "உடனே டிஃபன் சாப்பிடுங்க, இல்லன்னா மயக்கம் வரும்" என்று அதட்டிவிட்டுத்தான் படி இறங்குவாள்.

ஊருக்குத்தான் உபதேசம். அவள் வயிற்றில் பகல் ஒரு மணிவரை காபிகூட விழாது. நேற்றுத் தின்றதற்கு இன்றைக்குத் தண்டனை என்பது அவள் வைத்துக்கொண்ட சட்டம். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டால் நடப்பதே வேறு. ராத்திரிக்கென்று வைத்த சோறும் குழம்பும், ஒரு பாக்கெட் பிரெட், டப்பாவில் இருக்கிற முறுக்கு என்று எல்லாம் நின்றபடியே, ருசிகூடத் தெரியாமல், மூச்சு முட்டும்வரை உள்ளே போகும். பிறகு அத்தனையையும் வாந்தியெடுத்துவிட்டு, மறுபடி உலை வைப்பாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அவளுக்கு முதலில் பறந்தது மானம், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கணவன் ஆபேலுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. வெறும் டீயைக் குடித்துவிட்டு ஆறேகாலுக்கே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன். "எங்க ஜெரூ குருவி மாதிரிதான் கொறிப்பா" என்று சர்ச்சில் எல்லாரிடமும் பெருமையடிப்பான். ஆறு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தாள் மகராசி.

ஒருநாள் முடிச்சூரில், கதவு திறக்கக் காத்திருந்தபோது, போனில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. இரைப்பையில் கிரெலின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறதாம், பசிக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதானாம். போதும் என்று சொல்ல வேறு ஹார்மோன்கள் இருக்கின்றன. தின்று தின்று வாந்தியெடுப்பவர்களில் பலருக்கு அந்தப் 'போதும்' சரியாகக் கேட்பதில்லை என்றும் போட்டிருந்தது. ஜெரூஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியானால் இது பேராசை இல்லையா? ஒரு டெஸ்ட் எடுத்து, ஒரு ரிப்போர்ட் கையில் இருந்தால், சொல்ல வேண்டியவரிடம் தலைநிமிர்ந்து சொல்லிவிடலாமே! அன்றைக்கே லேபின் டெஸ்ட் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தைராய்டு இருந்தது, சர்க்கரை இருந்தது, பசிக்கு ஒரு வரி இல்லை.

அடுத்த வாரம், வண்டி ஓட்டும்போதே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. வாந்தியோடு பொட்டாசியமும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமா? லேபில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தன் கையில் தானே குத்திக்கொண்டு, டியூபில் 'கன்னியம்மா, வயது 52' என்று ஒட்டினாள். போன் நம்பர் இல்லாமல் கம்ப்யூட்டர் பதிவு செய்யாது. லேபில் யாருக்கும் தெரியாத தன் இரண்டாவது சிம்மின் நம்பரைக் கொடுத்தாள். கெட்டிக்காரிதான், ஆனால் தான் தினமும் பார்க்கிற விதியையே மறந்துவிட்டாள். ஆபத்தான அளவு வந்தால் நோயாளிக்கு உடனே போன் செய்தாக வேண்டும்.

மெஷினில் இருந்த டெக்னீஷியன் கேஷவ் திரும்பினான். "அக்கா, யாரோ கன்னியம்மாவாம். பொட்டாசியம் ரெண்டு பாயிண்ட் நாலு. திருப்பி ஓட்டியும் அதேதான் வருது. இந்தம்மா எப்படி நடமாடுது?" என்றபடி லேண்ட்லைனில் நம்பரை அழுத்தினான்.

ஜெரூஷாவின் கைப்பையில் மணி அடித்தது.

கேஷவ் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. போனை அணைத்துவிட அவளுக்கு ஒரு நொடி போதும். நெஞ்சு மறுபடி தடுமாறியது. செத்துப்போவோம் என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. நாலாவது மணிக்கு எடுத்தாள்.

"கன்னியம்மா பேசுறீங்களா?"

"ஆமா."

அவனும்தான் என்ன செய்வான், பாவம். இந்த மாதிரி போனில் சொல்ல வேண்டியது என்று சுவரில் ஒட்டியிருந்ததை அப்படியே படித்தான். "உங்க பொட்டாசியம் ரொம்பக் கம்மியா இருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியாப் போகாதீங்க. கூட யாராச்சும் இருக்காங்களா?"

எட்டித் தொடும் தூரத்தில் இருந்தவனைப் பார்த்து, "இருக்காங்க" என்றாள்.

மறுநாள், டிரிப் ஏறித் துடிப்பு சீரான பிறகு, டாக்டர் ஷீலா கட்டிலருகே வந்து ஒவ்வொன்றாகக் கேட்க, ஜெரூஷா மறைக்காமல் சொன்னாள். சிறுசேரியிலிருந்து அலறியடித்து வந்து, வீட்டுக்கே போகாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த ஆபேலுக்கு எல்லாமே அப்போதுதான் தெரிந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அந்தப் பசி ஹார்மோனுக்கு ஒரு டெஸ்ட் எழுதிக் குடுங்க டாக்டர்" என்றாள்.

"டெஸ்ட் எடுத்து இதைக் கண்டுபிடிக்கிறதில்லம்மா. ஒரு மணிவரைக்கும் பட்டினி போட்டா கிரெலின் கத்தத்தான் செய்யும், யார் உடம்பா இருந்தாலும். அது அதோட வேலையைப் பாக்குது. நீங்க அதைப் பேராசைன்னு திட்டி மறுநாளும் பட்டினி போடுறீங்க, அது இன்னும் கத்துது. ஹார்மோன் மட்டும்தான் காரணம்னும் சொல்ல மாட்டேன், மனசுக்கும் வைத்தியம் வேணும். ரிப்போர்ட் இல்லாட்டியும் இது வியாதிதான். பேப்பரை யாருக்குக் காட்டணும் நீங்க?"

ஜெரூஷா ஊசி குத்தியிருந்த கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இவருக்கு" என்றாள்.

கம்பெனி அடையாள அட்டை இன்னும் ஆபேலின் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்குப் பேப்பர் வேணாம் டாக்டர்" என்றான். "காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடணும்னு மட்டும் சொல்லுங்க. நானும் கூட உக்காந்து சாப்பிடுறேன்."